வளையாத கோடுகள்

ஒரு படத்தில் இருப்பவரின் இடுப்பை உள்ளே தள்ளினால், பின்னாலிருக்கும் சுவரும் கூடவே நகரும். கதவுச்சட்டம், சன்னல் கம்பி, டைல்ஸ் இடுக்கு என்று நேராக இருக்க வேண்டியது எதுவாயினும் இடுப்பை ஒட்டிய இடத்தில் லேசாக வளைந்துவிடும். தேர்ந்த கை அந்த வளைவை மறுபடி நிமிர்த்தும். தேராத கை அப்படியே விட்டுவிடும். ஸ்டூடியோக்காரரின் கை தேர்ந்த கை. கல்யாணப் பெண்களையும் பட்டம் வாங்கியவர்களையும் கணினித் திரையில் மெலியவைத்துத் தம் குடும்பத்தைத் தேற்றியவர் அவர்.

விடுமுறை நாட்களில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. "உடம்பைப் பாக்காதே. பின்னால இருக்கற சுவரைப் பாரு," என்பார். மகள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். இப்போது பத்தாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னமும் தொடையுமாக உருண்டுகொண்டிருந்ததால் வீட்டில் அவளுக்குப் பூசணி என்று பெயர் விழுந்தது. கன்னம் போன பிறகும் பெயர் போகவில்லை.

கன்னம் போனதை முதலில் கவனித்தவள் அவருடைய மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பது அவள் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் ஃபோனைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். சமூக வலைத்தளத்தில் மகள் தன் பக்கத்தில் போட்டிருந்த படம், மொட்டைமாடியில் எடுத்தது.

"கழுத்தெலும்பைப் பாருங்க. குடையைப் பிரிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"எடிட் பண்ணியிருக்கா. என் பொண்ணாச்சே? கை நல்லா வந்திருக்கு."

"தட்டுல வைக்கிறது தட்டுலயே இருக்கு. கேட்டா ஃப்ரெண்டு வீட்ல சாப்பிட்டேங்கறா. அதுவும் எடிட்டா?"

"இந்த வயசுல எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான். பரீட்சை முடியட்டும், சரியாயிடும்."

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றேன். வீட்ல இருக்கற மனுஷனுக்குப் பண்ணாம விட்டுட்டேன்."

அவர் சிரித்தார். மருத்துவரிடம் வாங்கி வைத்திருந்த நேரத்தை மனைவி அன்றே ரத்துசெய்தாள். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று ஒரு நம்பிக்கை. அந்தப் படத்தில் மகளுக்குப் பின்னால் வானம்தான் இருந்தது. வானத்தில் நேர்க்கோடு கிடையாது. வளைந்ததா என்று பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு மகள் அவருடைய பழைய சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். முழங்கைக்குக் கீழே தொங்கும் சட்டைக் கைகளோடு அவள் வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்க்கையில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. பெண் குழந்தைகளுக்கு அப்பாவிடம்தான் ஒட்டுதல் என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் சொல்லியும் இருக்கிறார்.

அன்று மாலை கடைக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். நடனக் குழுவின் சுவரொட்டிக்குத் தன் படம் வேண்டும் என்றாள். எடுத்த படத்தைத் திரையில் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"அண்ணா, இதுல நான் ஆனைக்குட்டி மாதிரி இருக்கேன்."

"ஆனைக்குட்டி ஆடினாத்தாம்மா கூட்டம் வரும்."

"ஐயோ, விளையாடாதீங்கண்ணா. இதோ, இந்த மாதிரி ஆக்கிக் குடுங்க." தன் ஃபோனை நீட்டினாள்.

முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம். முகத்தை ஃபோன் மறைத்திருந்தது. தெரிந்தவை தோள்முனை, மணிக்கட்டு, தோலுக்கு அடியில் வரிசையாக எண்ணிவிடக்கூடிய எலும்புகள்.

"இதையெல்லாம் நம்பறியா? இது எடிட் பண்ணினதும்மா. இப்படி ஒரு உடம்போட ஒருத்தி நேரா நிக்கக்கூட முடியாது."

"இவ எடிட்டே பண்ண மாட்டாண்ணா. அதுக்குத்தான் இவளுக்கு இவ்ளோ பேரு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இங்க வா, தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். உடம்பைப் பாக்காதே. பின்னால இருக்கற சுவரைப் பாரு."

இரண்டு விரல்களால் படத்தை விரித்தார். வெள்ளை டைல்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் பூ.

"இதோ, இடுப்புகிட்ட கோடு எப்படி..."

வாக்கியம் அங்கேயே நின்றது. கோடு நேராக இருந்தது. தோளருகே தேடினார், நேர். கையருகே தேடினார், அதுவும் நேர்.

"வளையலையேண்ணா?"

"இரு."

தேர்ந்த கை நிமிர்த்தியிருக்கலாம். ஆனால் நிமிர்த்திய இடத்தில் டைல்ஸின் அகலம் மயிரிழையேனும் மாறும்; அது அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போனார். மாறவில்லை. அப்படிப் போன விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எல்லாப் பூக்களும் மேலே பார்க்க, ஒரு பூ மட்டும் தலைகீழாகத் தொங்கியது.

குழாய் வேலைக்கு வந்தவர் உடைத்துவிட்டுப் போன இடத்தில், ஆள் கூப்பிடுவானேன் என்று, அவரே சிமெண்டு குழைத்து ஒட்டிய டைல்ஸ் அது. பல் துலக்கும்போதெல்லாம் கண்ணில் படும். "வீட்டுக்கு வர்றவங்க பாத்ரூம் போனா எனக்கு மானம் போகுது," என்று மனைவி இன்றுவரை குத்திக்காட்டும் பூ.

வேறொரு வீட்டிலும் வேறொருவர் இதே தவற்றைச் செய்திருக்கக்கூடும் என்று ஒரு கணம் நம்பிப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"நிஜப் பேரு தெரியாதுண்ணா. 'முன்னாள் பூசணி'ன்னு வெச்சிருக்கா. செம காமெடியா எழுதுவா."

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மாணவி ஒன்றும் கவனிக்காமல் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். படங்களுக்குக் கீழே அவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் எழுதியிருந்தார்கள். 'நீதான் எங்க தலைவி.' 'இன்னும் கொஞ்சம்தான், விட்டுடாதே.' 'இன்னிக்கு கிளாஸ்ல கண்ணு இருட்டிடுச்சு, யாருக்கும் தெரியாது' என்று மகள் எழுதியதற்குக் கீழே சிவப்பு இதயங்கள் மட்டும். ஒரே ஒருத்தி, 'டாக்டரைப் பாரு, பயமா இருக்கு' என்றிருந்தாள். 'பொறாமை' என்று பலர் அவள்மேல் பாய்ந்திருந்தார்கள்.

ஒரு படத்தில் ஆளே இல்லை. கொக்கியில் தொங்கும் ஓர் ஆண் சட்டை. நீலக் கட்டம் போட்டது. 'என் கூடாரம். இதுக்குள்ள இருந்தா வீட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.'

அந்தச் சட்டையை அவர் எந்தக் கடையில் வாங்கினார் என்பது வரை நினைவுக்கு வந்தது.

"ஆறு மணிக்கு லைவ் வர்றாண்ணா. இன்னிக்குப் பெருசா ஏதோ காட்டப்போறாளாம்." மாணவி கடைக் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, ஆரம்பிச்சிருப்பா."

"என் ஃபோன்ல இதை எடுத்துக் குடு."

"உங்களுக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?"

"குடும்மா."

அவர் குரலைக் கேட்டு அவள் பேசாமல் எடுத்துக்கொடுத்தாள். அவர் எழுந்தார். செருப்பைத் தேடினார், தேடுவதை விட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

"கடையைப் பாத்துக்கோ."

"யாரு, நானா? அண்ணா! அண்ணா, என்னாச்சு?"

வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தார், பிறகு ஓடினார். மகளின் எண்ணுக்கு அழைத்தார். துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தார், மறுபடியும் துண்டிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் திரையில் மகள் வந்தாள். இப்போது முகம் மறைக்கப்படவில்லை. ஃபோனைக் கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டில் சாய்த்துவைத்துவிட்டு, பள்ளியில் சேர்ந்த வருடம் போட்ட கவுன் ஒன்றைத் தோளோடு பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வந்தாச்சா? எங்க அப்பாதான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, கட் பண்ணிட்டேன்," என்று சிரித்தாள். அவ்வளவு கலகலப்பான குரலை அவர் வீட்டில் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எதிரே வந்த சைக்கிள்காரர், "யோவ், ஃபோனைப் பாத்துக்கிட்டு எங்கய்யா ஓடற?" என்று திட்டிவிட்டுப் போனார்.

தம் சாவியால் கதவைத் திறந்தார். கூடத்தில் விளக்கில்லை. குளியலறைக் கதவுக்கு அடியில் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று. உள்ளே பேச்சுச் சத்தம். கையிலிருந்த ஃபோனிலும் பேச்சுச் சத்தம். இரண்டும் ஒரே குரல், ஆனால் சேரவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் சொல்வதை ஃபோன் சில நொடிகள் கழித்துச் சொன்னது.

கதவைத் தட்டினார்.

"கதவைத் தெற."

உள்ளே பேச்சு நின்றது. "குளிச்சிட்டிருக்கேன்பா. ரெண்டே நிமிஷம்."

"இப்பத் தெறம்மா. ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெற."

பதில் வருவதற்குள் ஃபோனிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். 'கதவைத் தெற' என்று ஓர் ஆள் அதட்டினான். அது தம் குரல் என்று புரிய அவருக்கு நேரமாயிற்று. திரையில் மகள் உதட்டின்மேல் விரல் வைத்து, பார்ப்பவர்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். வரிகள் கீழிருந்து மேலேறின. 'பூச்சாண்டி வந்தாச்சு.' 'தெறக்காதே தெறக்காதே.' 'அங்கிள் குரல் செம.'

அந்த வேளையில்தான் கதவுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. உயரத்திலிருந்து விழுந்த சத்தமன்று. மூட்டையை இறக்கியது போன்ற சத்தம். அதன் பிறகு வாளி உருண்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஃபோனில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கவுனை மடித்து ஓரமாக வைத்தாள்.

என்ன நடக்கப்போகிறது என்று இவ்வளவு துல்லியமாக அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை. அதைத் தடுக்க முடியாது என்பதும் தெரிந்தது. ஏனெனில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. திரையிலிருந்த பெண் கண்ணாடித் தட்டைப் பிடிக்கக் கை நீட்டினாள். கை தட்டுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது.

அவர் ஃபோனைக் கீழே போட்டுவிட்டுத் தோளால் கதவை இடித்தார். அந்தத் தாழ்ப்பாளும் அவரே பொருத்தியதுதான். கைக்குக் கிடைத்த குட்டைத் திருகாணிகளைப் போட்டு முறுக்கியிருந்தார். முதல் இடியிலேயே தாழ்ப்பாள் பெயர்ந்து சுவரில் மோதி விழுந்தது.

மகள் டைல்ஸ் சுவரை ஒட்டிக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உதட்டில் நிறமில்லை. அவளைத் தூக்க அவர் குனிந்து, பதினைந்து வயதுப் பெண்ணைத் தூக்க வேண்டிய பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு தூக்கினார். அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மிஞ்சிய பலம் அவரையே பின்னுக்குத் தள்ளியது. முதுகு வாசற்சட்டத்தில் மோதியிராவிட்டால் இருவரும் விழுந்திருப்பார்கள். கண்ணாடித் தட்டில் அவளுடைய ஃபோன் விழாமல் நின்றது. 'நடிப்பா?' என்று ஒரு வரி மேலேறியது. 'சான்ஸே இல்ல' என்று மற்றொன்று. இதயங்கள் வந்துகொண்டேயிருந்தன.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். பாதி வழியில் ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்து, "மூச்சு இருக்குல்ல, சார்?" என்றார்.

"இருக்கு."

"பேசிக்கிட்டே வாங்க. சும்மா ஏதாவது பேசுங்க."

அவர் "பூசணி" என்று தொடங்கினார், வாயை மூடிக்கொண்டார். பிறகு பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் யாரும் பயன்படுத்தாத அந்தப் பெயர் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

மருத்துவமனைக்கு மனைவி கடைச் சீருடையோடு வந்தாள். கழுத்தில் கண்களின் இடைவெளி அளக்கும் பட்டை இன்னும் தொங்கியது. நடந்ததை அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் சொல்லவில்லை. அவள் கடிந்துகொள்ளாத முதல் விஷயம் அது; எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் அதை வைத்தே அறிந்தார்.

மருத்துவர் இளவயதுப் பெண்மணி. நின்றபடியே பேசினார்.

"இதயத் துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு. ரத்தத்துல உப்பெல்லாம் குறைஞ்சு போயிருக்கு. எந்த நேரமும் துடிப்பு தாறுமாறா போகலாம். அதனாலதான் கூடவே ஆள் வெச்சுப் பாத்துக்கறோம்."

"ஏதாவது சாப்பிடக் குடுத்துட்டா சரியாயிடுமா, டாக்டர்?" என்றாள் மனைவி.

"அதுதான் இல்லம்மா. இப்படிப் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு நிறையக் குடுத்தா அதுவே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா, நாங்க பாத்துத்தான் குடுக்கணும். வர்ற சில நாள் முக்கியம்."

"இனிமே ஒழுங்கா சாப்பிடுன்னு நான் கண்டிச்சுச் சொல்றேன்," என்றார் அவர்.

மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இது பிடிவாதம் இல்லைங்க. நோய். காய்ச்சலைப் போய் யாராவது கண்டிப்பாங்களா? மனநல டாக்டர் காலையில வருவாங்க. அதுவரைக்கும் கண்டிக்க வேணாம், கெஞ்சவும் வேணாம். கூட இருங்க."

வீட்டிலிருந்து கிளம்பும்போது தரையிலிருந்து எடுத்துவந்த அவர் ஃபோன் வராந்தாவில் ஒலித்தது. அதன் கண்ணாடி கீறியிருந்தது. கடை எண்.

"அண்ணா, கடையைப் பூட்டிட்டு சாவியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில குடுத்துடவா?" என்றாள் மாணவி. "நானும் லைவ் பாத்தேண்ணா. கதவு தட்டினது... உங்க குரல்தானே?"

"ஆமா."

"உங்க பொண்ணா?"

"ஆமாம்மா."

"நேத்துகூட நான் ஹார்ட் போட்டேண்ணா. தலை சுத்துதுன்னு எழுதியிருந்தா. அதுக்குத்தான் போட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "நானும் ரெண்டு மாசமா... அவளைப் பாத்துத்தான்..."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். இப்படி எத்தனை வீடுகளில் கதவுகள் பூட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

"அம்மா வீட்ல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நேரா வீட்டுக்குப் போ. இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு. சிரிச்சுட்டு விட்டாங்கன்னா என் நம்பரைக் குடு."

விடியும்போது மனைவி முகம் கழுவப் போயிருந்தாள். அவர் மட்டும் கட்டிலருகே இருந்தார். மகளின் மார்பிலிருந்து மெல்லிய ஒயர்கள் கிளம்பி ஒரு திரைக்குப் போயின. திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது. சிறிது தூரம் நேராகப் போகும். ஒரு குத்து எழும்பும். மறுபடி நேராகப் போகும். அந்த நேரான பகுதி ஒவ்வொரு முறையும் அவருக்கு மிக நீளமாகப் பட்டது. அது நீள நீள அவருடைய மூச்சும் நின்றது.

"அப்பா."

"இங்கதான் இருக்கேன்."

"என் ஃபோன் எங்க?"

"வீட்ல இருக்கு. ராத்திரி துணி எடுக்கப் போனப்ப அம்மா அணைச்சு வெச்சுட்டா."

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. "எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"நான் விழுந்ததையுமா?"

"ஆமா."

யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்படி இருந்தேன்?" என்றாள்.

கடையில் நாள்தோறும் அவரிடம் கேட்கப்படும் கேள்விதான். அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் உண்டு. கேட்பவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அது நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"பயமா இருந்துதும்மா. எனக்கு இன்னும் கை நடுங்குது, பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கையைப் போர்வையின்மேல் வைத்தார். அது நடுங்கியதை மறைக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"எனக்கும்ப்பா."

"எப்போ? விழுந்தப்பவா?"

"இல்ல. முன்னாடியே. ரொம்ப நாளா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நிறுத்தணும்னு நெனச்சேன். முடியல. நிறுத்தினா எல்லாரும் போயிடுவாங்க. இப்பவும் முடியுமான்னு தெரியல."

செவிலி சிறு கிண்ணத்தில் எதையோ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெளுத்த, நீர்த்த ஏதோ ஒன்று. மூன்று தேக்கரண்டிகூட இராது. "மெதுவா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். கிண்ணத்தைக் கண்டதும் மகளின் உடல் முழுவதும் சுவர்ப்பக்கமாக நகர்ந்தது. யாரோ அடிக்கக் கை ஓங்கியதுபோல.

அவர் கெஞ்சவில்லை. கண்டிக்கவுமில்லை. "நான் எங்கயும் போகல," என்றார்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கரண்டியைத் தொட்டு, தொட்டபடியே வைத்திருந்தாள். அதை எடுப்பாளா விடுவாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். அது வளைந்தது. மறுபடி நேராக ஓடத் தொடங்கியது.